வாசகர் கேள்விகள்: மொரீஷியஸுக்குப் பக்கத்தில் ஒரு பிரான்ஸ்

புதுச்சேரி பற்றி நான் போன இதழில் எழுதிய ஒரு பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்ததில் பாதிக்கு மேல் தீவுகளைப் பற்றியே இருந்ததால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறேன். ரீயூனியன் தீவில் இறங்கியபோது முருகன் கோயிலுக்குப் போனேன். பூசை செய்தவர் நம் சாயல்தான், ஆனால் ஒரு வார்த்தை தமிழ் வரவில்லை. கையில் யூரோ, ஊரெல்லாம் பிரெஞ்சுக் கொடி. 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மொரீஷியஸ் தனி நாடாகிவிட்டது. இவர்கள் மட்டும் ஏன் இன்னும் பிரான்ஸிடம் இருக்கிறார்கள்? அடிமைப்பட்டே பழகிவிட்டார்களா?
— ஆன்டாப் ஹில் வாசகர்

பதில்: கடைசி வரியை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் நண்பரே, அவர்கள் மேல் அப்படி ஒரு பழி வேண்டாம். 1946 மார்ச் 19இல் ரீயூனியன், மார்டினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா ஆகிய நான்கையும் காலனி என்ற நிலையிலிருந்து எடுத்து பிரான்ஸின் மாவட்டங்களாக ஆக்கிய சட்டம் மேலிருந்து திணிக்கப்பட்டது அல்ல. கேட்டவர்களே இடதுசாரிகள்தான். மார்டினிக்கின் கவிஞர் எமே செசேர் அதை நாடாளுமன்றத்தில் முன்வைத்தார், ரீயூனியனிலிருந்து ரேமோன் வெர்ஜெஸும் லெயோன் தெ லெபெர்வான்ஷும் கூடவே நின்றார்கள்.

ஏன் அப்படிக் கேட்டார்கள் என்பது அந்தத் தீவு உருவான விதத்தைப் பார்த்தால்தான் புரியும். பிரெஞ்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் குடியேறும் வரை அங்கே மனிதர்களே வாழ்ந்ததில்லை, ஆகவே பறிபோன அரசு, இழந்த மண் என்று சொல்ல ஒரு பழங்குடி இல்லை. எல்லோரும் கொண்டுவரப்பட்டவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாக வந்தவர்கள் 1848 டிசம்பர் 20 அன்று விடுதலை பெற்றார்கள், அன்றைக்கு 60,000 பேருக்கு மேல். அந்த நாள் இன்றும் அங்கே பெரிய விழா. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று அதன்பின் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகவும், 1860இல் பிரிட்டிஷாரோடு ஒப்பந்தம் போட்டபின் சென்னை, கல்கத்தா துறைமுகங்கள் வழியாகவும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கூலி ஒப்பந்தத்தில் ஏற்றிப் போனார்கள். நடத்தும் விதம் அத்தனை மோசமாக இருந்ததால் 1882இல் பிரிட்டிஷ் அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. நீங்கள் கோயிலில் பார்த்தவர் அந்தக் கூலிகளின் பேரனுக்குப் பேரன். அங்கே அவர்களுக்குப் பெயர் 'மலபார்', சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு!

இப்படிச் சேர்ந்த ஜனத்துக்கு 1946இல் எதிரே நின்றவர் தோட்ட முதலாளி, பாரிஸ் அல்ல. மலேரியா, பட்டினி, போர்க்காலக் கடல் முற்றுகை எல்லாம் பார்த்து முடித்திருந்தார்கள். பிரான்ஸில் ஒரு தொழிலாளிக்கு உள்ள கூலி, மருத்துவம், பள்ளிக்கூடம் எங்களுக்கும் வேண்டும் என்பதுதான் அவர்களுடைய காலனி எதிர்ப்பு. எனக்கு இது மிக நியாயமான கோரிக்கையாகவே படுகிறது.

கோபம் வருவது அடுத்து நடந்ததைப் படிக்கும்போதுதான். சமம் என்று 1946இல் எழுதிக் கொடுத்த அரசு, குறைந்தபட்சக் கூலியைப் பிரான்ஸுக்குச் சமமாக்கியது 1996இல். ஐம்பது வருடம்! இடையில் மனம் வெறுத்துப்போய் 1959இல் போல் வெர்ஜெஸ் ரீயூனியன் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கி சுயாட்சி கேட்டார், அவர் ரேமோனின் மகன்தான். பதிலுக்கு பாரிஸிலிருந்து முன்னாள் பிரதமர் மிஷேல் தெப்ரேயே வந்து 1963இல் தீவின் எம்.பி. ஆகி 25 வருடம் இருந்தார். பொது ஒழுங்குக்குத் தொந்தரவு என்று தோன்றும் அரசு ஊழியரைக் கடல் தாண்டி மாற்றிவிடலாம் என்று 1960இல் போட்ட அவசரச் சட்டம் 1972 வரை உயிரோடு இருந்தது.

எல்லாவற்றையும் விடக் கொடுமை குழந்தைகள் விஷயம். 1960களின் தொடக்கத்திலிருந்து இருபது வருடம், தீவின் ஏழைக் குடும்பங்களிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை எடுத்து, ஆள் குறைந்துபோன பிரெஞ்சுக் கிராமப்புறங்களுக்கு, முக்கியமாக க்ரூஸ் என்ற மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். நல்ல படிப்பு, விடுமுறைக்கு வந்துவிடுவான் என்று சொல்லி, படிக்கத் தெரியாத தாய் தகப்பனிடம் காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். பலர் திரும்பவே இல்லை, சிலர் பண்ணைகளில் சம்பளமில்லாத வேலைக்காரர்களாக வளர்ந்தார்கள். தார்மீகப் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது 2014இல்.

மொரீஷியஸோடு ஒப்பிடுகிறீர்கள். அங்கேயும் எல்லோரும் ஒரே குரலில் விடுதலை கேட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1967 தேர்தலில் ஏறக்குறைய 44 சதவீத வாக்குகள் விடுதலையை எதிர்த்த பக்கம் விழுந்தன. இந்திய வம்சாவளியினர் அங்கே பெரும்பான்மை, ரீயூனியனில் அப்படி இல்லை. பிரான்ஸ் கணக்கெடுப்பில் இனம் கேட்பதில்லை, நம்மவர்கள் கால்வாசி இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்புறம், உங்களுக்கு ஒரு சேதி. 2003இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, கடல்கடந்த மாவட்டங்கள் பாரிஸின் அனுமதியோடு சில துறைகளில் தங்களுக்கென்று விதி செய்துகொள்ளலாம் என்று வழி திறந்தார்கள். ரீயூனியனுக்கு மட்டும் அந்த அதிகாரம் வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்க வைத்தவர் அந்தத் தீவின் செனட்டரே, ஜான்-போல் விராபுல்லே. அந்தப் பெயரைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பாருங்கள், வீரப்பிள்ளை என்று கேட்கும். தனி விதி என்று ஆரம்பித்தால் அது பிரிவினையில் போய் முடியும் என்ற பயம் அவர் தரப்புக்கு. அந்த வரியை நீக்கச் சொல்லும் குரலும் அங்கே இருக்கிறது, நான் அந்தக் குரலின் பக்கம். தன் வீட்டு விலைவாசியைப் பற்றித் தானே ஒரு விதி போட முடியாத ஊருக்கு அதிகாரம் போதாது.

கேள்வி: விலைவாசி என்றதும் கேட்கிறேன். யூரோவில் சம்பளம் வாங்குகிற ஊரில் என்ன கஷ்டம் இருக்கப் போகிறது?
— முலுண்ட் வாசகர்

பதில்: யூரோ நோட்டும் நாணயமும் புழக்கத்துக்கு வந்த 2002 ஜனவரி 1 அன்று, நேர வித்தியாசத்தால் முதல் வியாபாரமே ரீயூனியனில்தான் நடந்தது, லிச்சிப் பழம் வாங்கினார்கள். ஆனால் அந்த யூரோ எல்லோர் கைக்கும் ஒரே அளவில் வரவில்லை. பிரான்ஸிலிருந்து கப்பலில் வரும் சாமான்கள், இறக்குமதியைக் கையில் வைத்திருக்கும் சில பெரிய நிறுவனங்கள், மேலே ஒரு வரி. அந்த வரியின் பெயர் 'ஒக்த்ருவா த மேர்', கடல் ஆக்ட்ராய். முலுண்டில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை உங்கள் ஊர் ஆக்ட்ராய் நாக்காவில் லாரிகள் வரிசை கட்டி நின்றதே, அதே பிரெஞ்சுச் சொல்தான். அங்கே அந்த வரிதான் நகராட்சிகளின் பெரிய வருமானம், அதனால் எடுக்கவும் முடிவதில்லை.

பிரெஞ்சு அரசின் புள்ளியியல் நிறுவனம் 2022இல் பார்த்த கணக்கில் உணவுப் பொருள் விலை ரீயூனியனில் பிரான்ஸைவிட 37 சதவீதம் அதிகம். அரசு ஊழியருக்கு இதை ஈடுகட்ட 53 சதவீதம் கூடுதல் சம்பளம் உண்டு. தனியார் கடையில் வேலை பார்ப்பவருக்கும் வேலையே இல்லாதவருக்கும் அது கிடையாது, ஆனால் அரிசியும் பாலும் எல்லோருக்கும் ஒரே விலை. மூன்றில் ஒருவருக்கும் மேல் பிரான்ஸின் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். விலைவாசியை எதிர்த்து பிரான்ஸில் கிளம்பிய மஞ்சள் சட்டைப் போராட்டம் 2018 நவம்பரில் அங்கேயும் வெடித்தபோது ஊரடங்கு போட வேண்டிவந்தது இதனால்தான். தனி நாடு வேண்டும் என்று யாரும் தெருவுக்கு வரவில்லை, சட்டம் சொல்லும் சமத்துவத்தைக் கடையில் காட்டு என்றுதான் வந்தார்கள்.

கேள்வி: 'கடல்கடந்த மாவட்டம்' என்பது நம் அந்தமான், லட்சத்தீவு போல யூனியன் பிரதேசம் என்று வைத்துக்கொள்ளலாமா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.
— செம்பூர் வாசகி

பதில்: வேண்டாம் தங்கச்சி, குழம்பிவிடும். ரீயூனியனுக்குப் பாரிஸ் மக்களவையில் 7 பேர், செனட்டில் 4 பேர். தீவிலேயே மாவட்ட மன்றம் ஒன்று, பிராந்திய மன்றம் ஒன்று, இரண்டுக்கும் தேர்தல் உண்டு. கூடவே பாரிஸ் நியமிக்கும் ஒரு பிரிஃபெக்ட், நம் ஊர் ஆட்சியரைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுச் சட்டங்கள் அரசியல் சட்டத்தின் 73ஆவது பிரிவுப்படி அப்படியே அங்கும் செல்லும். பசிபிக் கடலிலுள்ள பிரெஞ்சுப் பாலினேசியா போன்றவை 74ஆவது பிரிவில் வருகின்றன, அவற்றுக்குத் தனி மன்றமும் நிறையத் தனிச் சட்டமும் உண்டு. அதே கடலிலுள்ள நியூ கலிடோனியா இரண்டிலும் சேராது, அதற்கென்றே தனி அத்தியாயம்.

நம் அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் மக்களவையில் ஆளுக்கு ஒரு உறுப்பினர், சட்டமன்றம் கிடையாது, 240ஆவது பிரிவில் குடியரசுத் தலைவர் பெயரில் விதிகள் வரும். தூரத்துத் தீவை ஆள்வது என்றால் பிரான்ஸைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: ஷெங்கன் விசா இருந்தால் ரீயூனியன் போகலாமா?
— மாட்டுங்கா வாசகர்

பதில்: அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிறது, ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. ஆகவே அந்த விசாவை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள், தூதரகத்தில் ரீயூனியன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: என் மாமனார் வழியில் புதுச்சேரியில் ஒரு பெரியவருக்குப் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வந்தது. ரீயூனியன் போல நாமும் பிரான்ஸோடு இருந்திருக்கலாமே என்று வீட்டில் பேச்சு வருகிறது.
— சயான் வாசகி

பதில்: உங்கள் வீட்டில் அவரை 'சொல்தா' என்று சொல்லியிருப்பார்கள், அந்தச் சொல் இன்னும் அங்கே வாழ்கிறது. ஆனால் அம்மா, புதுச்சேரிக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. பேச்சு ஒன்று, சம்பந்தம் ஒன்று, ஆற்றுத் தண்ணீர் ஒன்று. 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரைச் சுட்டுக் கொன்றதும் அதே பிரெஞ்சு ஆட்சிதான், வ. சுப்பையா போன்ற விடுதலைப் போராட்டத் தலைவர்கள் வளர்ந்தது அந்தப் போராட்டத்தில். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள், 170 பேர் இந்தியாவோடு என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16இல். எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் குடும்பங்கள் இன்றைக்கும் புதுச்சேரியிலிருந்தே பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகின்றன. போகிறவரைப் போகவிட்டு, இருக்கிறவரை இருக்கவிட்டு நடந்த பிரிவு அது, அந்த மரியாதை எல்லாத் தீவுகளுக்கும் கிடைக்கவில்லை.

கேள்வி: எதற்கு இத்தனை வாதம்? ஒரு வாக்கெடுப்பு நடத்தி மக்கள் சொல்வதைக் கேட்டால் முடிந்ததே!
— தாராவி வாசகர்

பதில்: மக்கள் என்றால் யார், எந்த எல்லைக்குள் எண்ணுவது, இந்த இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் சிக்குகிறது. 1974 டிசம்பரில், அப்போது பிரான்ஸிடம் இருந்த கொமோரோஸ் தீவுக்கூட்டத்தில் விடுதலை வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மொத்தமாக எண்ணினால் மிகப் பெரும்பான்மை விடுதலைக்கு. ஆனால் நான்கில் ஒரு தீவான மாயோட்டில் மட்டும் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் வாக்குகள் பிரான்ஸோடு இருக்கவே. பிரான்ஸ் தீவு தீவாக எண்ணியது, மாயோட்டை வைத்துக்கொண்டது. காலனியின் எல்லையை உடைக்கக் கூடாது என்று ஐ.நா. கண்டித்தது. மாயோட் மக்களோ 2009இல் 95 சதவீத வாக்கோடு மாவட்டம் ஆக்கச் சொன்னார்கள், 2011இல் பிரான்ஸின் 101ஆவது மாவட்டமானது. இன்று பக்கத்துத் தீவான அஞ்சுவானிலிருந்து, 70 கிலோமீட்டர்தான், சின்னப் படகுகளில் உறவுக்காரர்கள் திருட்டுத்தனமாகக் கடக்கும்போது மூழ்கிச் சாகிறார்கள்.

நியூ கலிடோனியாவில் வேறு கதை. அங்கே கனாக் என்ற பழங்குடியினர் இருந்தார்கள், 1853இல் பிரான்ஸ் பிடித்தது, கைதிகளையும் குடியேறிகளையும் கொண்டுபோய்க் கொட்டியது, இப்போது சொந்த மண்ணில் கனாக்குகள் சுமார் 40 சதவீதம். 1998 நூமியா ஒப்பந்தத்தில் புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு ஓட்டு இல்லை என்று பட்டியலை உறையவைத்தார்கள். 2018 வாக்கெடுப்பில் விடுதலைக்கு 43 சதவீதம், 2020இல் கிட்டத்தட்ட 47. மூன்றாவதைக் கொரோனாவில் இறந்தவர்களுக்குத் துக்கம் காக்கிறோம், தள்ளி வையுங்கள் என்று கனாக்குகள் கேட்டும் 2021 டிசம்பரில் நடத்தினார்கள். அவர்கள் வரவில்லை. 96 சதவீதம் விடுதலை வேண்டாம் என்றது, பாதிப் பேர்கூட ஓட்டுப் போடாத தேர்தலில். 2024 மே மாதம் அந்தப் பட்டியலைத் திறக்க பாரிஸ் முயன்றபோது தீவு பற்றி எரிந்தது, பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். துக்க வீட்டு வாசலில் பெட்டியை வைத்து வாங்கிய அந்த முடிவை என்னால் மக்கள் தீர்ப்பு என்று ஏற்க முடியவில்லை.

நீங்கள் இருக்கும் தாராவியின் கோலிவாடாவில் எந்தப் பெரியவரையாவது கேட்டுப் பாருங்கள். நம் மும்பையின் ஏழு தீவுகளை 1661இல் போர்ச்சுகல் இளவரசிக்குச் சீதனமாக இங்கிலாந்து ராஜாவுக்குக் கொடுத்தார்கள், 1668இல் அவர் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டார். மீன் பிடித்துக்கொண்டிருந்த கோலிகளிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

கேள்வி: சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்குத் திருப்பித் தர ஒப்பந்தம் போட்டது நல்லதுதானே?
— டோம்பிவிலி வாசகர்

பதில்: கொள்கையாகப் பார்த்தால் நல்லதுதான். மொரீஷியஸுக்கு 1968இல் விடுதலை தருவதற்கு முன்பே, 1965இல் சாகோஸை வெட்டித் தனியாக வைத்துக்கொண்டது பிரிட்டன், அதில் ஒரு தீவான டியகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைக்க. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவர்களை 1968க்கும் 1973க்கும் இடையில் கப்பலேற்றி வெளியேற்றினார்கள். சாகோஸை அப்படி வெட்டிப் பிரித்தது சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துச் சொன்னது. 2025 மே 22இல் கையெழுத்தான ஒப்பந்தம் இறையாண்மையை மொரீஷியஸுக்குத் தரவும், டியகோ கார்சியாவை மட்டும் 99 வருடக் குத்தகைக்கு பிரிட்டனுக்கே விடவும் வகை செய்தது. பேச்சு மேசையில் சாகோஸ் மக்களுக்கு நாற்காலி போடவில்லை, அதுதான் என் வருத்தம்.

இதில் நம் ஜனமும் மாட்டிக்கொண்டது பலருக்குத் தெரியாது. 2021 அக்டோபரில் படகு பழுதான இலங்கைத் தமிழ் அகதிகளை டியகோ கார்சியாவில் இறக்கி, வேலிக்குள் கூடாரங்களில் குழந்தைகளோடு மூன்று வருடம் வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை இங்கிலாந்துக்கு அழைத்துப்போனார்கள். அப்படி அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே சொன்னது.

கேள்வி: ரீயூனியனில் தமிழ் எப்படிப் போயிற்று? மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்தவள், அதனால் கேட்கிறேன்.
— தாராவி, ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: டீச்சர், பள்ளி இல்லாததால்தான் போயிற்று. தோட்டத்தில் பல ஊர் ஆட்கள், பெண்கள் குறைவு, கலப்பு மணம், ஞானஸ்நானம், பிறகு பிரெஞ்சு மட்டுமே சொல்லித்தந்த பள்ளி. வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கலப்பு மொழியான கிரியோல். தமிழ் கோயிலுக்குள் ஒதுங்கியது, தேவாரமும் மாரியம்மன் பாட்டும் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடப்பட்டன. தீமிதியும் காவடியும் விடாமல் நடக்கின்றன. சமையலறையிலும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது, முருங்கைக்கு மூரும், பீர்க்கங்காய்க்குப் பிப்பங்காய், கறிவேப்பிலைக்குக் கலுபிலே. ஆப்பிரிக்க வம்சத்து அம்மாவும் சந்தையில் கலுபிலே என்றுதான் கேட்பார், எனக்கு இதைச் சொல்லும்போதே தொண்டை அடைக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேரைத் தேடி அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வருகிறவர்கள் இப்போது உண்டு. கையில் இருப்பது முப்பாட்டனின் ஒப்பந்தப் பதிவு எண்ணும், குமாஸ்தா காதில் விழுந்தபடி பிரெஞ்சில் எழுதிய ஒரு ஊர்ப் பெயரும்தான். அப்படி ஒரு பெயர் உங்கள் பார்வைக்கு வந்தால் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காரைக்கால், நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து ஆட்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களையும் கேட்க வைத்து, ஊர் பிடிபட்டால் எழுதுங்கள், நான் அடுத்த இதழிலேயே போடுகிறேன்.